மூச்சுக்குறி போட்ட பாட்டுப் புத்தகம்

எங்கள் நுரையீரல் நோய்ப் பிரிவின் பதிவுத்தாளில் 'தொழில்' என்று ஒரு கட்டம் உண்டு. ஈராண்டுகளுக்கு முன், ஒரு ஜூலை மாதக் காலையில், அக்கட்டத்தில் 'ஓய்வுபெற்ற ஆசிரியை' என்று எழுதினேன். எதிரில் அமர்ந்திருந்த அம்மையார் சொன்னதும் அதுவே. பஞ்சாலை, கல் உடைக்கும் இடம், சிமெண்டு ஆலை என நுரையீரலைப் பாதிக்கும் வேலைகளைக் கண்டறிவதற்காகவே அந்தக் கட்டம் வைக்கப்பட்டிருக்கிறது. ஆசிரியப் பணியில் அத்தகைய ஆபத்து ஏதும் இல்லை என்று கருதி அடுத்த கட்டத்துக்குச் சென்றுவிட்டேன். அந்த அவசரத்தால் அவர் நான்கு மாதங்களை இழந்தார்.

அவர் திருநெல்வேலிச் சீமையில் ஒரு சிற்றூரின் தேவாலயத்தில் 38 ஆண்டுகளாகப் பாடகர் குழுவை நடத்தி வருபவர். பாட்டு மட்டுமன்று, கிறிஸ்துமஸ் நாடகம், அறுப்பின் பண்டிகைக் கும்மி, கோடை விடுமுறையில் சிறுவர்க்கான வேதாகமப் பள்ளி, வில்லுப்பாட்டு என அந்தச் சபையின் கலைப்பணி முழுவதும் அவர் பொறுப்பிலேயே இருந்தது. ஊரார் அவரைப் 'பாட்டு டீச்சர்' என்றே அழைப்பர். அவருடைய ஒப்புதலுடன், பெயரையும் ஊரையும் தவிர்த்து, அவரை நான் அறிந்துகொண்ட வரலாற்றை இங்கே எழுதுகிறேன். நோயாளர்க்கும் அவரைப் பராமரிப்போர்க்கும் பயன்படக்கூடிய சில செய்திகள் அதில் உள்ளன.

முதல் சந்திப்பு

அப்போது அவருக்கு வயது 64. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, விடியற்காலையில் சளியுடன் இருமல் வருகிறது என்றார். புகைபிடிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை; வீட்டிலும் யாருக்கும் இல்லை. ஆனால் திருமணமான நாள் முதல் ஏறத்தாழ 25 ஆண்டுகள் விறகடுப்பில் சமைத்திருக்கிறார். 28ஆம் வயதில் காசநோய் வந்து, மருந்தை இடையில் நிறுத்தாமல் உட்கொண்டு குணமடைந்திருக்கிறார். விறகுப் புகையும், ஆறிப்போன காசநோயின் தழும்பும் புகைபிடிக்காதவருக்கும் மூச்சுக்குழாய் அடைப்பை உண்டாக்கக்கூடியவை.

ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதும் பரிசோதனையைச் செய்தோம். ஆழ்ந்து இழுத்த மூச்சைப் பலமாக ஊதும்போது, வெளிவரும் மொத்தக் காற்றில் எழுபது விழுக்காட்டுக்கு மேலாவது முதல் ஒரு நொடிக்குள் வந்துவிட வேண்டும். அவருக்கு வந்தது பாதிக்குச் சற்று மேல். அந்த முதல் நொடிக் காற்றின் அளவும் அவருடைய வயதுக்கும் உயரத்துக்கும் இருக்கவேண்டியதில் 48 விழுக்காடாகவே இருந்தது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று உறுதி செய்து, இன்ஹேலர் எழுதிக் கொடுத்தேன்.

எழுந்திருக்கும்போது அவர் ஒரே ஒரு சொல் கேட்டார். "பாட்டு?"

வெளியே நாற்பது பேர் காத்திருந்தனர். "கொஞ்ச நாள் வேண்டாம் அம்மா. மூச்சுக்கு ஓய்வு கொடுங்கள்" என்றேன். சமையலறையில் முணுமுணுக்கும் பாட்டைக் கேட்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். அவர் தலையசைத்துவிட்டுச் சென்றார். ஆசிரியராக இருந்தவர் அல்லவா, சொன்னதை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தார்.

மூடி வைத்த ஆர்மோனியம்

நவம்பரில் மீண்டும் வந்தபோது அவருடன் கணவரும் வந்திருந்தார். ஊதும் பரிசோதனையில் பெரிய மாற்றம் இல்லை, 47 விழுக்காடு. ஆயினும் ஆறு நிமிட நடைப் பரிசோதனையில் ஜூலையில் 330 மீட்டர் நடந்தவர் இப்போது 270 மீட்டரே நடந்தார். எடை நான்கு கிலோ குறைந்திருந்தது. நுரையீரல் அப்படியே இருக்க, அதை உடையவர் மட்டும் தளர்ந்திருந்தார். இன்ஹேலரை ஒழுங்காக எடுக்கிறீர்களா என்று கேட்டேன். அவர் பேசவில்லை.

கணவர் மெதுவாகச் சொன்னார்: "ஆகஸ்டு மாதமே நிறுத்திவிட்டாள் டாக்டர். குரல் கம்மிப் போகிறது என்றாள். பாட வேண்டாம் என்று நீங்கள் சொன்னதும் கோவிலுக்குப் போவதையும் குறைத்துக்கொண்டாள். போனால் பாட்டு வரும்; சும்மா நிற்க முடியாது என்கிறாள். வீட்டில் ஆர்மோனியத்தைத் துணி போட்டு மூடி, பரணில் ஏற்றச் சொன்னாள். நான் ஏற்றவில்லை."

அப்போதுதான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "கோவிலில் உங்களுக்கு என்ன பணி அம்மா?" என்று கேட்டேன். ஜூலையிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அவர் விடை சொல்லச் சொல்ல, நான் என்ன செய்துவிட்டேன் என்பது எனக்குப் புரிந்தது.

எங்கள் துறையில் நன்கு அறியப்பட்ட ஒரு சுழற்சி உண்டு. மூச்சு வாங்குகிறது என்று நோயாளர் நடமாட்டத்தைக் குறைப்பார். குறைக்கக் குறைக்கத் தசைகள் மெலியும். மெலிந்த தசைகள் சிறு வேலைக்கும் அதிக மூச்சைக் கேட்கும். ஆகவே நடமாட்டம் இன்னும் குறையும். இந்தச் சுழற்சிக்குள் போகாதீர்கள் என்று நோயாளரிடம் நாள்தோறும் எச்சரிக்கும் நானே, ஒரு சொல்லால் அவரை அதனுள் அனுப்பிவிட்டேன். வாரத்தில் மூன்று நாள் கோவிலுக்கு நடந்து சென்று, இரண்டு மணி நேரம் நின்றபடி பயிற்சி தந்துகொண்டிருந்தவர் அவர். பாட்டை நிறுத்தியதில் அந்த நடையும் நின்றது, தோழமையும் நின்றது, பசியும் போயிற்று.

அன்று அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பாடுங்கள் அம்மா. எப்படிப் பாடுவது என்பதைச் சேர்ந்து பார்ப்போம்" என்றேன். அவர் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "அப்படியானால் சனிக்கிழமை பயிற்சிக்கு வந்து பாருங்கள். பார்க்காமல் எப்படிச் சொல்லுவீர்கள்?" என்றார். அது மாணவனிடம் பேசும் குரல். சென்றேன்.

சனிக்கிழமை மாலை

பீடத்துக்குப் பக்கவாட்டில் இரண்டு வரிசை நாற்காலிகள். 22 பேர். பேருந்து நடத்துநர் ஒருவர், செவிலி ஒருவர், பலசரக்குக் கடைக்காரர் ஒருவர், பள்ளி மாணவர் ஆறு பேர், மற்றவர் பெரும்பாலும் பீடி சுற்றும் பெண்கள். எழுத்துக்கூட்டியே படிக்கத் தெரிந்த ஒரு மூதாட்டியும் குழுவில் இருந்தார். பாட்டு முழுவதும் அவருக்கு மனப்பாடம். டீச்சர் ஓர் உயரமான முக்காலியில் அமர்ந்திருந்தார். மடியில் அட்டை கிழிந்து தைக்கப்பட்ட பாட்டுப் புத்தகம் ஒன்று இருந்தது.

அதைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு வரியிலும் ஓரிரு இடங்களில் பென்சிலால் சிறு கொக்கிகள் போடப்பட்டிருந்தன. மூச்சு எடுக்கவேண்டிய இடங்கள் அவை. பொருள் முறியாத இடமாகப் பார்த்து அவற்றைப் போட்டிருந்தார். குழுவினர்க்கு அவர் சொல்லித் தந்திருந்த விதிகள் இரண்டு. முதலாவது, மூச்சு தீர்ந்த பிறகு எடுக்கக்கூடாது; தீரும் முன்பே எடுத்துவிட வேண்டும். இரண்டாவது, நீண்டு ஒலிக்கும் இடங்களில் பக்கத்தில் இருப்பவர் மூச்சு எடுக்கும்போது நாம் எடுக்கக்கூடாது. ஒருவர் நிறுத்தும் இடத்தில் மற்றவர் தாங்கவேண்டும். அப்படிச் செய்தால், தனித்தனியே எல்லோரும் மூச்சு வாங்கினாலும் கூட்டத்தின் குரல் அறுவதில்லை.

இயன்முறை மருத்துவப் பிரிவில் அச்சடித்த தாளைக் கொடுத்து எங்கள் நோயாளர்க்கு நாங்கள் கற்றுத்தர முயல்வதில் பாதி அங்கே இருந்தது. திணறல் உச்சத்துக்கு ஏறும் வரை காத்திராமல் முன்னதாகவே மூச்சைச் சீர்செய்துகொள்வது, உள்மூச்சைச் சுருக்கமாகவும் வெளிமூச்சை நீளமாகவும் வைத்துக்கொள்வது, தோளை உயர்த்தாமல் வயிறு விரியும்படி இழுப்பது ஆகியவற்றை அவர் மருத்துவம் படிக்காமலே 38 ஆண்டுகளாகக் கற்பித்து வந்திருக்கிறார்.

இடைவேளையில் பக்கத்து அறையைக் காட்டினார். கிறிஸ்துமஸ் நாடகத்துக்கான உடைகள் அங்கே மடித்து வைக்கப்பட்டிருந்தன. பழைய போர்வைகள் மேய்ப்பர் அங்கிகளாயிருந்தன; யாரோ கொடுத்த பட்டுப்புடவையின் சரிகைக் கரை ஞானியர் மூவரின் இடைக்கச்சையாயிருந்தது. பேசும்போது திக்கும் பையன் ஒருவனுக்கு மூன்றாண்டுகளாகத் தேவதூதன் வேடம் கொடுத்து வருகிறாராம். வசனத்தைப் பாட்டாக மாற்றிவிட்டாராம். "பாடும்போது அவனுக்குத் திக்குவதில்லை டாக்டர்" என்றார். உண்மைதான், திக்குவாய் உடையோர் பெரும்பாலோர் பாடும்போது தடையின்றிப் பாடுவதை மருத்துவமும் நெடுநாளாக அறியும்.

வைத்தியரும் பாட்டும்

பயிற்சி முடிந்து தேநீர் அருந்தும்போது அவர் சொன்னார்: "நீங்களும் நாங்களும் தூரமில்லை டாக்டர். வைத்தியமும் கோவில் பாட்டும் சேர்ந்த ஒருவர் தஞ்சாவூரில் இருந்தார். நம் பக்கத்து மனிதர்."

அவர் குறிப்பிட்டது ஆபிரகாம் பண்டிதரை. 1859இல் தென்காசியை அடுத்த சாம்பவர் வடகரையில் பிறந்த பண்டிதர், ஆசிரியப் பயிற்சி பெற்றுத் தஞ்சாவூரில் பள்ளி ஆசிரியராக இருந்து, பின்னர் சித்த மருத்துவராகப் புகழ்பெற்றார். மருத்துவத்தால் ஈட்டிய பொருளை இசை ஆராய்ச்சிக்குச் செலவிட்டார். 1912இல் தஞ்சாவூரில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, சொந்தச் செலவில் இசை மாநாடுகளை நடத்தினார். 1916இல் பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாட்டில் தம் சுருதி ஆராய்ச்சியை எடுத்துரைத்தார். அந்த ஆராய்ச்சியின் பெருநூலான கருணாமிர்த சாகரம் 1917இல் வெளிவந்தது. கிறிஸ்தவக் கீர்த்தனைகளும் இயற்றியவர் அவர். 1919இல் மறைந்தார்.

அவருக்கும் முன்னோடி வேதநாயக சாஸ்திரியார். 1774இல் திருநெல்வேலியில் பிறந்து, சிறுவனாயிருக்கையிலேயே சுவார்ட்ஸ் ஐயருடன் தஞ்சைக்குச் சென்றவர். சரபோஜி மன்னருடன் பயின்றவர். பெத்லகேம் குறவஞ்சியை இயற்றியவர். 1864 வரை வாழ்ந்தவர். குறத்தி குறி சொல்லும் நாட்டு மரபைத் தேவாலயக் கலைக்குள் கொண்டுவந்த அவர் வழியில்தான் தம்முடைய கும்மியும் வில்லுப்பாட்டும் வந்தன என்று டீச்சர் கருதுகிறார். அதைச் சொல்லும்போது அவர் மூச்சு வாங்கவில்லை. நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பாடலாமா, கூடாதா?

இனி மருத்துவச் செய்திக்கு வருகிறேன். அடைப்பு நோயில் காற்று உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் கடினம். முழுவதும் வெளியேறும் முன்பே அடுத்த மூச்சை இழுத்துவிடுவதால் பழைய காற்று உள்ளே தேங்குகிறது. நெஞ்சு ஊதிய நிலையிலேயே இருக்கிறது. உதரவிதானம் தட்டையாகி வலுவிழக்கிறது. 'மூச்சு இழுக்க முடியவில்லை' என்று நோயாளர் சொல்வதற்குப் பெரும்பாலும் காரணம், விடவேண்டிய மூச்சை விட இயலாமையே. உதட்டைக் குவித்து மெல்ல ஊதும்படி நாங்கள் கற்பிப்பது இதற்காகத்தான். பாட்டும் நீண்ட வெளிமூச்சினால் ஆனதே.

பாட்டு இந்நோயைக் குணப்படுத்துமா என்றால், குணப்படுத்தாது. நோயாளர்க்கான பாட்டுக் குழுக்கள் பிரிட்டன் போன்ற நாடுகளில் நடைபெறுகின்றன. இவ்வகை ஆய்வுகளைத் திரட்டிய காக்ரேன் மதிப்பாய்வு ஒன்று 2017இல் வெளிவந்தது. அதில் இடம்பெற்றவை மூன்று சிறு ஆய்வுகளே. பங்கேற்றோர் 112 பேர். உடல்நலம் சார்ந்த வாழ்க்கைத் தரத்தில் ஓரளவு முன்னேற்றம் காணப்பட்டது. மூச்சுத்திணறலில் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. பாடியதால் தீங்கு நேர்ந்ததாகவும் செய்தி இல்லை. சான்று இன்னும் வலுவற்றது என்பதே நேர்மையான கணிப்பு. ஆகவே இன்ஹேலருக்கும் நடைப்பயிற்சிக்கும் மாற்றாகப் பாட்டைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் பாடும் வழக்கமுள்ள ஒருவரை, தக்க காரணமின்றி, இனி நிறுத்தச் சொல்லவும் மாட்டேன்.

டீச்சருக்கு நாங்கள் செய்த மாற்றங்கள் எளியவை. பிறர்க்கும் அவை பயன்படும்.

குரல் கம்மியதற்குக் காரணம், இன்ஹேலரில் உள்ள ஸ்டீராய்டு மருந்து தொண்டையில் படிந்ததே. ஸ்பேசர் என்னும் குடுவை வழியாக மருந்தை எடுத்து, ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் தொண்டையையும் அலசித் துப்பினால் இத்தொல்லை பெரிதும் குறையும். வாயில் பூஞ்சை படர்வதும் தவிர்க்கப்படும். இதை ஜூலையிலேயே நான் சொல்லியிருந்தால் அவர் மருந்தை நிறுத்தியிருக்க மாட்டார். குரல் மாற்றம் மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால், மருந்தின் விளைவு என்று நீங்களே முடிவு செய்யாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

சுருதியை இறக்கினார். ஐந்து கட்டையில் பாடி வந்தவர் நான்கு கட்டைக்கு வந்தார். மூச்சுத்திணறலுக்கு உடனடியாக எடுக்கும் இன்ஹேலரைப் பயிற்சிக்குச் சற்று முன்பு பயன்படுத்தச் சொன்னோம். வயிறு நிறைய உண்டவுடன் பாடுவதைத் தவிர்த்தார். நிற்பதற்குப் பதில் அமர்ந்து பாடினார். பாட்டுப் புத்தகத்தில், பழைய பென்சில் கொக்கிகளுக்கு இடையே, நீல மையால் புதிய கொக்கிகள் போட்டுக்கொண்டார். "பென்சில் அவர்களுக்கு, நீலம் எனக்கு" என்றார்.

புகையையும் தூசியையும் விலக்கினோம். குடில் அமைக்கும் வைக்கோல், நாடகத் திரைக்கு அடிக்கும் பெயிண்ட், பண்டிகை இரவில் வெடிக்கும் பட்டாசு இவற்றின் அருகே அவர் செல்வதில்லை. டிசம்பர்ப் பனியில் வீடு வீடாகச் செல்லும் கேரல் பவனியில் இளையோரை அனுப்பிவிட்டு, அவர் வீட்டு வாசலில் அமர்ந்து கேட்டார். இன்புளுயன்சா, நிமோனியா தடுப்பூசிகளும் போட்டுக்கொண்டார்.

எச்சரிக்கைகளும் உண்டு. சளியில் இரத்தம், காய்ச்சல், நெஞ்சுவலி, வழக்கத்துக்கு மீறிய திணறல் இருந்தால் பாடக்கூடாது, மருத்துவமனைக்கு வரவேண்டும். காசநோய்க்குச் சிகிச்சை தொடங்கியிருப்போர், பிறர்க்குப் பரவும் நிலை நீங்கிவிட்டது என்று மருத்துவர் சொல்லும் வரை குழுவில் சேர்ந்து பாடக்கூடாது. சளி, இருமல், காய்ச்சல் உள்ள எவரும் பயிற்சிக்கு வரலாகாது. 2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 61 பேர் கூடிய இரண்டரை மணி நேரப் பாட்டுப் பயிற்சி ஒன்றிலிருந்து கொரோனா பரவி 53 பேர் நோயுற்றனர், இருவர் இறந்தனர். மூடிய அறையில் பலர் சேர்ந்து பாடுவதன் ஆபத்தை அந்நிகழ்ச்சி உலகுக்கு உணர்த்தியது. எனவே சன்னல்களைத் திறந்து வைத்துப் பாடுங்கள். வீட்டில் ஆக்சிசன் பயன்படுத்துவோர் மெழுகுவர்த்தி ஆராதனைகளில் தீச்சுடரின் அருகே ஆக்சிசனுடன் செல்லவே கூடாது.

அடுத்த நவம்பர்

இத்துடன் முடிந்திருந்தால் இது மகிழ்ச்சியான கதை மட்டுமே. ஓராண்டு நன்றாகச் சென்றது. நடைப் பரிசோதனையில் 355 மீட்டர் வரை வந்தார். இழந்த எடையில் மூன்று கிலோ திரும்பியது. சென்ற நவம்பர் மழையில் மார்புச்சளி பிடித்து, ஒரே இரவில் திணறல் முற்றி, விடியற்காலையில் அவசரப் பிரிவுக்கு வந்தார். ஆறு நாள்கள் எங்கள் வார்டில் இருந்தார். முதல் மூன்று நாள்கள் ஆக்சிசன் தேவைப்பட்டது. கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு நான்கு வாரங்களே இருந்தன.

இரண்டாம் நாள் மாலை, பேச இயலாத நிலையில், ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: "பாட்டினால் வந்ததா?" இந்த முறை நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து பதில் சொன்னேன். இல்லை; இது கிருமித்தொற்று; இந்த நோயில் இவ்வாறு இடையிடையே முற்றுவது உண்டு. அடுத்து அவர் கேட்கவிருந்ததையும் நானே சொன்னேன். இவ்வளவு கடுமையாக முற்றிய பிறகு நுரையீரல் பழைய அளவுக்குத் திரும்பாமல் போகலாம். இந்தக் கிறிஸ்துமசுக்கு நீங்கள் பாடமுடியாது. அடுத்த ஆண்டு எவ்வளவு முடியும் என்பதை இப்போது என்னால் சொல்ல இயலாது.

அவர் நெடுநேரம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாளைத் திருப்பி ஒரு பெயரை எழுதினார். குழுவில் பாடும் கல்லூரி மாணவி ஒருத்தியின் பெயர் அது. மறுநாள் பார்வையாளர் நேரத்தில் அந்தப் பெண் வந்தாள். நீல மையும் பென்சிலும் உள்ள பாட்டுப் புத்தகம் அவள் கைக்குச் சென்றது. வலக்கையில் ஊசிக்குழாய் இருந்ததால், டீச்சர் இடக்கையால் போர்வையின் மேல் தாளம் போட்டுக் காட்டினார். அவள் சத்தமின்றி உதட்டசைத்துப் பாடிக் காட்டினாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த முதியவர், மற்றவர்க்குக் கேட்காதபடியாவது பாடட்டுமே என்று செவிலியிடம் பரிந்து பேசினார். அனுமதித்தோம்.

கிறிஸ்துமஸ் இரவில் டீச்சர் முன் வரிசையில் முகக்கவசத்துடன் அமர்ந்திருந்தார் என்று அவர் கணவர் சொன்னார். பாடவில்லை, கையை மட்டும் மடியில் அசைத்துக்கொண்டிருந்தாராம். மூன்றாவது பாட்டில் இளையவள் ஓரிடத்தில் முன்னதாகவே மூச்சு எடுத்துவிட்டாளாம். வீட்டுக்கு வந்ததும் முதலில் அதைத்தான் சொன்னாராம்.

பராமரிப்போர்க்கு ஒரு சொல்

அவர் கணவரைப் பற்றியும் எழுதவேண்டும். அவருக்கு வயது 70. அந்த ஆறு நாள்களும் வார்டு வராந்தாவிலேயே தூங்கினார். ஐந்தாம் நாள் தலைசுற்றி விழுந்தார். பார்த்தால், தம்முடைய இரத்த அழுத்த மாத்திரையை நான்கு நாள்களாக உட்கொள்ளவில்லை. "அவள் இப்படி இருக்கும்போது நான் எப்படி வீட்டுக்குப் போவது?" என்றார்.

டீச்சர் அப்போது பேசும் நிலைக்கு வந்திருந்தார். "எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு எடுக்கக்கூடாது என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்? நீங்கள் போய்த் தூங்குங்கள். இன்றைக்கு மருமகள் இருப்பாள், நாளைக்கு நீங்கள்" என்றார். அவரும் குழுவில் பாடுபவர்தாம். மறுபேச்சின்றிச் சென்றார்.

மருத்துவமனையில் நெருங்கியவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் உங்களிடமும் அதையே சொல்ல விரும்புகிறேன். உறக்கமும் உணவும் உங்கள் சொந்த மருந்துகளும் தீர்ந்த பிறகு தேடவேண்டியவை அல்ல. தாங்கும் வலு இருக்கும்போதே இன்னொருவரிடம் பொறுப்பைத் தந்துவிட்டு ஓய்வெடுங்கள். உறவினர் எவரும் இல்லையெனில் வார்டு செவிலியிடம் சொல்லுங்கள். இயன்ற ஏற்பாட்டைச் செய்ய முயல்வோம்.

இப்போது

டீச்சரின் முதல் நொடிக் காற்று இப்போது 43 விழுக்காடு. இது குறைந்திருக்கிறது, மறைப்பதற்கில்லை. வாரம் இருமுறை எங்கள் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்கு வருகிறார். சனிக்கிழமைப் பயிற்சியை அந்த இளம்பெண் நடத்துகிறாள். டீச்சர் முக்காலியில் இருந்து கேட்கிறார். ஒரு கீர்த்தனையில் ஒரு சரணம் மட்டும் பாடுகிறார். எந்தச் சரணம் என்பதை அன்றைய மூச்சைப் பார்த்து அவரே முடிவு செய்கிறார்.

எங்கள் பதிவுத்தாளில் 'தொழில்' என்ற கட்டத்துக்குக் கீழே இப்போது இன்னொரு கட்டம் சேர்த்திருக்கிறோம்: 'விட்டுவிட மனமில்லாத செயல்'. அதில் இதுவரை வந்துள்ள விடைகள் பலவகை. பேத்தியைப் பள்ளிக்கு நடத்திச் செல்வது என்கிறார் ஒருவர். விடியற்காலையில் வயலைச் சுற்றி வருவது என்கிறார் இன்னொருவர். வாசலில் பெரிய கோலம் போடுவது, பாங்கு சொல்வது, திருவிழாவில் நாதசுரம் வாசிப்பது என்றும் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் மூச்சு வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஏற்ப மருந்தின் நேரத்தையும் பயிற்சியின் அளவையும் ஓரளவு மாற்றியமைக்க முடிகிறது. சிலவற்றை விட்டுவிடத்தான் வேண்டியிருக்கிறது. அவ்வாறு நேரும்போது, ஏன் என்பதையும் எவ்வளவு காலம் என்பதையும் தெரிந்துகொண்டு விடுவது நோயாளரின் உரிமை.

அடுத்த முறை புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது அந்தக் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். மருத்துவர் அவசரத்தில் இருப்பதாகத் தோன்றினாலும் சொல்லுங்கள். 'கொஞ்ச நாள் வேண்டாம்' என்று அவர் சொன்னால், எத்தனை நாள் என்று திரும்பக் கேளுங்கள். என்னிடமும் கேளுங்கள்.